கடலைப் பற்றி வரும் விசித்திரச் செய்திகள்: எது நிஜம், எது புரளி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுரை மலை, எரியும் கடல், திமிங்கிலத்தின் வயிற்றில் செருப்பு, கரையெல்லாம் பொம்மை வாத்து என்று வாரத்துக்கு ஒன்றாவது வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. அதை எனக்கு அனுப்பி "இது நிஜமா?" என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, சரி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் கடல் விஞ்ஞானி இல்லை. பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். கடலும் மீனும் தினப்படிப் பேச்சாக இருந்த இடம் அது. அதனால் பொய்ச் செய்தி பரவினாலும் எனக்குப் பதறும், உண்மையான செய்தியைப் பொய் என்று ஒதுக்கினாலும் பதறும்.

கேட்டவுடனே நம்ப முடியாத மாதிரி இருந்தால் அது புரளிதானே?

இல்லை. பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். கடல் விஷயத்தில் நம்ப முடியாத செய்திகள் பல அப்படியே உண்மை.

பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் 1980-களிலிருந்து முப்பது வருஷத்துக்கும் மேலாக ஆரஞ்சு நிறப் பூனை டெலிபோன்கள் கரை ஒதுங்கிக்கொண்டே இருந்தன. கார்ஃபீல்ட் என்ற கார்ட்டூன் பூனையின் உருவத்தில் செய்த போன்கள், காது ஒரு நாள், வயர் ஒரு நாள், ரிசீவர் ஒரு நாள் என்று வரும். எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 2019-இல்தான், நன்றாக நீர் வற்றும் நேரத்தில் மட்டும் போக முடிகிற ஒரு கடல் குகைக்குள், பாறை இடுக்கில் சிக்கிய கப்பல் கன்டெய்னர் ஒன்றின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார்கள். இதை யாராவது எனக்கு முதலில் பார்வர்டாக அனுப்பியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

அதேபோல, 1992 ஜனவரி 10-ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து அமெரிக்காவின் டகோமாவுக்குப் போன எவர் லாரல் என்ற கப்பல் வட பசிபிக்கில் புயலில் மாட்டியது. அதிலிருந்து விழுந்த கன்டெய்னர் ஒன்றில் 28,800 குளியல் தொட்டி பொம்மைகள், மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர், நீல ஆமை, பச்சைத் தவளை. அந்த வருஷம் நவம்பரிலேயே அலாஸ்காவின் சிட்கா பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. கர்டிஸ் எபஸ்மேயர் என்ற கடலியலாளர் எந்தப் பொம்மை எங்கே எப்போது கிடைத்தது என்று பல வருஷம் கணக்கு எடுத்து, அதை வைத்தே நீரோட்டங்களைப் படித்தார். 1997 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் டோக்கியோ எக்ஸ்பிரஸ் கப்பலிலிருந்து 62 கன்டெய்னர்கள் விழுந்தன. ஒன்றில் மட்டும் கிட்டத்தட்ட 48 லட்சம் லெகோ துண்டுகள். குட்டி ஆக்டோபஸ், குட்டி டிராகன் எல்லாம் இன்னும் அந்தக் கரைகளில் கிடைக்கின்றன.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது?

நான் மூன்று விஷயம் பார்ப்பேன். எந்த ஊர்க் கரை, எந்தத் தேதி, அந்தப் பொருள் அங்கே எப்படி வந்தது. வாத்துக் கதைக்கு இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது: கப்பலுக்குப் பெயர் உண்டு, தேதி உண்டு, சரக்கு என்னவென்று தெரியும், பிளாஸ்டிக் மிதக்கும், நீரோட்டம் இழுத்துப் போகும். "ஜப்பான் கடலில் பயங்கரம்" என்று மட்டும் போட்டு ஊர் பெயரே இல்லாமல் வருகிற வீடியோவுக்கு ஒரு பதிலும் இருக்காது.

இதில் மூன்றாவதைத்தான் நான் அதிகம் நம்புவேன், ஏனென்றால் ஊர் பெயரும் தேதியும் யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம், ஆனால் ஒரு பொருள் கடலுக்குள் எப்படிப் போய் எப்படித் திரும்பி வந்தது என்று கோர்வையாகச் சொல்வது பொய்யனுக்குக் கஷ்டம்.

2011 சுனாமியில் சேதமான ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையக் கதிர்வீச்சால் ராட்சத மீன், ராட்சதக் கணவாய் வந்தது என்கிறார்களே?

2014 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா கரையில் 160 அடி நீளக் கணவாய் ஒதுங்கியதாகவும், ஃபுகுஷிமா கதிர்வீச்சுதான் காரணம் என்றும் ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. கிளம்பிய இடம் நையாண்டிச் செய்தி போடும் ஒரு இணையதளம். படம் இரண்டு படங்களின் ஒட்டு: 2013-இல் ஸ்பெயினில் ஒதுங்கிய நிஜமான ராட்சதக் கணவாயையும், 2011-இல் சிலியில் ஒதுங்கிய திமிங்கிலத்தைச் சுற்றி நின்ற கூட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள். மனிதர்கள் எறும்பு மாதிரி தெரிந்தது அதனால்தான்.

படத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். கதிர்வீச்சு ஒரு உயிரினத்தின் செல்லைச் சிதைக்கும், நோய் உண்டாக்கும், கொல்லும். மூன்று வருஷத்தில் 160 அடிக்கு வளர்க்காது. ராட்சதக் கணவாய் என்பது கதிர்வீச்சு எதுவும் இல்லாமலே பல மீட்டர் வளர்கிற ஓர் இனம், எப்போதாவது செத்துக் கரை ஒதுங்கும்.

அந்தக் கறுப்பு, ஊதா, சிவப்பு வரைபடம்? பசிபிக் முழுக்கக் கதிர்வீச்சு பரவியதாக இருக்குமே?

அது கதிர்வீச்சு வரைபடமே இல்லை. 2011 மார்ச் 11 சுனாமியின்போது எந்தப் பகுதியில் அலை எவ்வளவு உயரம் எழுந்தது என்று அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவா வெளியிட்ட படம். ஓரத்தில் நிற அளவுகோல் இருக்கும், அதில் அலகு சென்டிமீட்டர். கதிர்வீச்சை யாரும் சென்டிமீட்டரில் அளப்பதில்லை. பரவிய பிரதிகளில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டார்கள்.

அதனால் வரைபடம் எது வந்தாலும் முதலில் அளவுகோலைத் தேடுங்கள். அளவுகோல் இல்லாத வரைபடத்தை நான் பார்வர்ட் செய்வதே இல்லை.

படம் நிஜமாகவே இருந்தால் செய்தியும் நிஜம்தானே?

அப்படி இல்லை. சொல்லப்போனால் நான் பார்த்த கடல் புரளிகளில் அதிகம் இந்த வகைதான். படத்தில் ஒரு பொய்யும் இருக்காது, கீழே எழுதியிருப்பது மட்டும் பொய்.

2004 சுனாமிக்கு அப்புறம் "சுனாமி ஆழ்கடலிலிருந்து வாரிக்கொண்டு வந்த விநோத மீன்கள்" என்று ஒரு மின்னஞ்சல் சுற்றியது, பலருக்கு நினைவிருக்கும். பல் துருத்திய மீன், ஜெல்லி மாதிரி முகம் உள்ள மீன். அத்தனையும் நிஜமான மீன்கள்தான். ஆனால் 2003-இலேயே ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விஞ்ஞானிகள் டாஸ்மன் கடலில் ஆய்வு செய்தபோது பிடித்து எடுத்த படங்கள் அவை. சுனாமிக்கு ஒன்றரை வருஷம் முந்தியவை.

ஈரானின் ஹோர்முஸ் தீவில் மழை பெய்தால் கரையே ரத்தம் மாதிரி சிவக்கும், அலையும் சிவக்கும். 2025-இல் அந்த வீடியோ "ரத்த மழை" என்றும் ரசாயனக் கழிவு என்றும் சுற்றியது. அந்தத் தீவின் மண்ணில் இரும்பு ஆக்சைடு அதிகம், மழைநீர் மலைச்சரிவு மண்ணைக் கரைத்துக் கடலுக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான்.

இந்த வகையைப் பிடிக்கச் சுலபமான வழி, படத்தை கூகுள் லென்ஸில் போட்டு, கிடைப்பதில் மிகப் பழைய தேதியைத் தேடுவது. செய்தி "நேற்று" என்கிறது, படம் நாலு வருஷம் முன்பே எங்கோ இருக்கிறது என்றால் கதை முடிந்தது. வீடியோ என்றால் அதில் தெளிவாக இருக்கும் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுங்கள்.

பசிபிக்கில் டெக்சாஸ் அளவுக்குக் குப்பைத் தீவு இருக்கிறதாமே, அதன் மேல் நடக்கலாமாமே?

குப்பை இருக்கிறது, தீவு இல்லை. குப்பைக்கு நடுவே ஒருவர் படகு ஓட்டுகிற மாதிரி ஒரு படம் அந்தச் செய்தியோடு எப்போதும் வரும், அது பிலிப்பைன்ஸின் மணிலா துறைமுகப் பகுதி. பசிபிக் நடுவில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

நிஜம் என்ன என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். 2018-இல் வெளியான ஆய்வு அந்தப் பகுதியை 16 லட்சம் சதுர கிலோமீட்டர் என்றும், மிதக்கும் பிளாஸ்டிக் சுமார் 79,000 டன் என்றும் மதிப்பிட்டது. வகுத்தால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 50 கிலோ. ஒரு சதுர கிலோமீட்டர் என்பது பத்து லட்சம் சதுர மீட்டர், அதாவது இருபது சதுர மீட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம், ஒரு படுக்கையறை அளவு இடத்தில் ஒரு சட்டைப் பட்டன் எடை. கப்பலில் போகிறவர் கண்ணுக்கு நீலக் கடல்தான் தெரியும். அதற்காக ஆபத்து குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த எடையில் கிட்டத்தட்டப் பாதி மீன்பிடி வலைகள், ஆமையும் சீலும் மாட்டிச் சாகிற வலைகள். மீதியில் பெரும்பகுதி உடைந்த துண்டுகள், அவற்றை வாரி எடுப்பது தீவை அப்புறப்படுத்துவதைவிடக் கஷ்டம். தீவு என்று சொல்லும்போது "அதை அள்ளிப் போட்டுவிடலாமே" என்று தோன்றிவிடுகிறது, இந்தப் புரளியால் வருகிற பெரிய கெடுதல் அதுதான் என்று நினைக்கிறேன்.

திமிங்கிலத்தின் வயிற்றில் செருப்பு, கப் எல்லாம் இருந்தது உண்மையா?

உண்மை. 2018 நவம்பரில் இந்தோனேசியாவின் வாகடோபி பகுதியில் ஒதுங்கிய 9.5 மீட்டர் நீள எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் 5.9 கிலோ பிளாஸ்டிக். 115 கப், நாலு பாட்டில், 25 பை, இரண்டு செருப்பு என்று எண்ணி எழுதினார்கள். 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ. ஆனால் வாய் நிறையப் பிளாஸ்டிக் பிதுங்கி வழிய, உடம்பே பாட்டிலும் பையுமாகக் கரையில் கிடக்கிற திமிங்கிலப் படம் ஒன்று உண்டு, அது 2017-இல் கிரீன்பீஸ் பிலிப்பைன்ஸ் அமைப்பு விழிப்புணர்வுக்காக வைத்த சிற்பம், கடல் குப்பையாலேயே செய்தது. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. படம் கை மாறி மாறி வரும்போது "சிற்பம்" என்ற சொல் மட்டும் உதிர்ந்துவிட்டது.

உண்மையான கண்டுபிடிப்பில் இப்படி எண்ணிக்கை இருக்கும் என்பதைக் கவனியுங்கள். வயிற்றை அறுத்துப் பார்த்தவர் கப்பை எண்ணுவார்.

கடல் எரிகிற வீடியோ கிராபிக்ஸ்தானே?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நடுக்கடலில் வட்டமாக ஆரஞ்சு நெருப்பு, சுற்றிலும் சின்னக் கப்பல்கள் தண்ணீர் பீய்ச்சுகின்றன. 2021 ஜூலை 2, மெக்சிகோ வளைகுடா. மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனம் பெமெக்ஸின் கடலடிக் குழாயிலிருந்து எரிவாயு கசிந்து, மேலே குமிழியிட்டு வந்து தீப்பிடித்தது. அணைக்கச் சுமார் ஐந்து மணி நேரம் ஆனது. தண்ணீர் எரியவில்லை, தண்ணீருக்கு மேல் வந்த வாயு எரிந்தது. அந்த ஒரு வரி தெரிந்ததும் வீடியோ நம்பக்கூடியதாக ஆகிவிடுகிறது.

நம் ஊரிலும் கிட்டத்தட்ட அப்படி ஒன்று. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். கடல் ஓரிடத்தில் கொதிக்கிற மாதிரி குமிழியிடும் வீடியோவும் வந்தது. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர்கள் "எடிட் பண்ணினது" என்று எனக்குச் சொன்னார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள்.

மெரினாவில் நுரை மலை?

2019 நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கம். நிஜம், என் கண்ணால் பார்த்தது. பட்டினப்பாக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் அங்கங்கே வெள்ளை நுரை, சில இடத்தில் முழங்கால் உயரம். காற்றில் பிய்ந்து பஞ்சு மாதிரி பறந்து ரோட்டுப் பக்கம் வரும். பசங்க அதற்குள் உருண்டு விளையாடினார்கள், அம்மாக்கள் படம் எடுத்தார்கள். பக்கத்தில் போனால் சாக்கடை வாடை, கையில் எடுத்தால் வழவழவென்று கொஞ்ச நேரம் நிற்கும், காய்ந்ததும் தோல் இழுக்கும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதனைக்கு மாதிரி எடுத்தது. கனமழையில் அடையாற்றில் வெள்ளம் வந்து, சுத்திகரிக்காத கழிவுநீரையும் அதிலிருந்த சோப்புத்தூளையும் முகத்துவாரம் வழியாகக் கடலில் தள்ளியது, அலை அதைக் கடைந்தது. 2017-இலும் இப்படி நடந்திருக்கிறது.

ஆனால் எல்லாக் கடல் நுரையும் கழிவு இல்லை. 2007-இல் ஆஸ்திரேலியாவின் யாம்பா கரையில் வீட்டு வாசல் வரைக்கும் நுரை வந்தது, காபி நுரை மாதிரி இருக்கிறது என்று பேரே வைத்தார்கள். அங்கே முக்கியக் காரணம் செத்து மக்கிய நுண்பாசியும் கடலின் மற்ற உயிர்ச்சத்தும். எனவே நுரை வீடியோ வந்தால், பக்கத்தில் ஆற்று முகத்துவாரம் உண்டா, முந்தின நாட்களில் மழை பெய்ததா, வாடை சாக்கடையா பாசியா என்று கேளுங்கள். அப்புறமும் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல முடியாது, தண்ணீரைச் சோதித்தால்தான் தெரியும்.

இரவில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, ரசாயனமா?

2019 ஆகஸ்டில் திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் ஒளிர்ந்தது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிரி. அலை அடித்து அதைக் கலைத்தால் ஒளி விடும். அதுவே பகலில் கூட்டமாகப் பெருகினால் கடல் பச்சையாகத் தெரியும். மன்னார் வளைகுடாவில் அதே வருஷம் இப்படிப் பச்சையாகி மீன்கள் செத்து ஒதுங்கின. அந்தப் பக்கத்து மீனவர்கள் இதைப் பூங்கோரை என்பார்கள், அவர்களுக்கு இது புதுசு இல்லை. பாசி பெருகி அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கு மூச்சு முட்டும்.

இயற்கையா மாசா என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். உயிரி இயற்கையானது. கழிவுநீரும் உரமும் சேர்ந்தால் அது பெருகத் தீனி கிடைக்கிறது.

கரையில் சவ்வரிசி மாதிரி கிடக்கிறதே, அது என்ன? யாரோ சொன்னார்கள் மீன் முட்டை என்று.

மீன் முட்டை இல்லை. நர்டில் எனப்படும் பிளாஸ்டிக் குருணை. வாளியும் குடமும் பையும் செய்வதற்கு முன்னால் தொழிற்சாலைக்குப் போகிற மூலப்பொருள் அது.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். கரையில் அலை விட்டுப் போன கோட்டில், காய்ந்த பாசியும் சிப்பியும் கிடக்கும் இடத்தில், ஒரு கை மணலை அள்ளி ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். மணல் கீழே போகும், குருணை மேலே வந்து நிற்கும். எடுத்துப் பார்த்தால் உளுந்து அளவு, நடுவில் லேசாக அமுங்கின மாதிரி, கண்ணாடி வெள்ளையாகவோ பழுப்பாகவோ இருக்கும். நகத்தால் அழுத்தினால் உடையாது. மீன் முட்டை என்றால் நசுங்கிவிடும். பார்த்துவிட்டுக் கையைக் கழுவுங்கள், குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது. 1,486 கன்டெய்னர்கள், அதில் 25 டன் நைட்ரிக் அமிலம், சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை. நீர்கொழும்புப் பக்கமெல்லாம் மணலே தெரியாத அளவுக்குக் குருணை குவிந்தது. அந்தப் படங்களைப் பார்த்து "இது பனி, ஏதோ வெளிநாடு" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். உலகில் பதிவான மிகப் பெரிய குருணைச் சிதறல் அது. ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. 2025 மே 25 அன்று கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியதும் குருணை திருவனந்தபுரம் கரைக்கும், கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் வந்தது. அதில் 12 கன்டெய்னரில் கால்சியம் கார்பைடு இருந்தது, தண்ணீர் பட்டால் அசிட்டிலின் என்ற எரிவாயு உண்டாகும். அதனால்தான் கரை ஒதுங்கும் கன்டெய்னர் பக்கம் 200 மீட்டருக்குள் போகாதீர்கள் என்று கேரளத்தில் எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை பார்வர்டாக வந்தபோது பலர் புரளி என்று நினைத்தது எனக்கு இன்னும் வருத்தம்.

அரசாங்கமே இல்லை என்று சொல்லிவிட்டால் பொய்தானே?

அவசரப்படாதீர்கள், முதல் நாள் அறிக்கையில் தவறு வருவது சகஜம். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. முதலில் சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் சொன்னார்கள். அடுத்த நாட்களில் கரையெல்லாம் தார் மாதிரி எண்ணெய், அதை வாளியால் அள்ளினார்கள். வாளியால் எண்ணெய் அள்ளும் படத்தை வெளிநாட்டில் பலர் நம்பவில்லை. அள்ளியவர்களில் கல்லூரிப் பசங்களும் மீனவர்களும் இருந்தார்கள்.

இன்னொன்று, 2024 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் சிட்னியின் கூஜி கரையில் கோல்ஃப் பந்து அளவில் ஆயிரக்கணக்கான கறுப்பு உருண்டைகள். கரையை மூடினார்கள், தார் உருண்டை என்று முதலில் அறிவித்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் சோதித்தபோது அதில் சமையல் எண்ணெய், சோப்பு அழுக்கு, மருந்துகள், போதைப்பொருள், மனித மலத்தின் தடயம் எல்லாம் இருந்தன. கழிவுநீரில் உருவாகும் கொழுப்புக் கட்டிகளை ஒத்தவை. "தார் இல்லை, மலம்" என்று முதல் நாளே யாராவது எழுதியிருந்தால் புரளி என்றுதான் சொல்லியிருப்போம்.

எனவே முதல் இரண்டு மூன்று நாள் "நடந்தது உண்மை, என்ன பொருள் என்று இன்னும் தெரியாது" என்ற நிலையில் நிற்கப் பழகுங்கள்.

ஏ.ஐ. படத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

விரலை எண்ணு, எழுத்தைப் பார் என்று சொன்ன காலம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. பாட்டில் லேபிளில் எழுத்து குழம்பியிருந்தால், ஒரே குப்பை திரும்பத் திரும்ப வந்தால், அலை மணலில் ஈரம் படாமல் போனால் சந்தேகப்படுங்கள். ஆனால் இவை எதுவும் இல்லை என்பதால் நிஜம் என்று ஆகிவிடாது. நான் வேறு கோணத்தைத் தேடுகிறேன். கரையில் பெரிதாக ஏதாவது நடந்தால் பத்து பேராவது போனில் எடுத்திருப்பார்கள், ஒருவர் கலங்கரை விளக்கம் தெரிய, ஒருவர் படகு தெரிய. ஒரே ஒரு அழகான படம், ஒரே கோணம், எடுத்தவர் யார் என்றே இல்லை என்றால் நான் நம்புவதில்லை.

"2050-இல் கடலில் மீனைவிட பிளாஸ்டிக் அதிகம்" என்பது?

2016-இல் உலகப் பொருளாதார மன்றத்தோடு சேர்ந்து எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை வெளியிட்ட அறிக்கையில் எடைக்கணக்கில் வந்த ஒரு மதிப்பீடு. புரளி இல்லை, ஆனால் கடலில் மொத்தம் எவ்வளவு மீன் இருக்கிறது என்பதே தோராயமான கணக்கு. நான் இந்த வரியைப் பயன்படுத்துவதில்லை.

"ஒரு வாரத்துக்கு மீன் வாங்காதீங்க" என்று குரல் பதிவு வருகிறதே, பாதுகாப்புக்காகப் பகிர்ந்தால் என்ன தப்பு?

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி ஒரு குரல் பதிவு ஏரியா குரூப்பில் வந்துவிட்டது, ஏதோ கப்பல் கவிழ்ந்து விஷம் கலந்ததாம், எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று ஒன்றும் இல்லை. பத்து மணிக்கு நான் போனபோது அன்னக்கூடையில் சங்கராவும் கானாங்கெளுத்தியும் அப்படியே இருந்தன, மேலே போட்ட ஐஸ் கரைந்து கீழே பிங்க் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "விடிகாலை நாலு மணிக்கு ஏலத்துல எடுத்தது தம்பி, கடன் வாங்கி எடுத்தது, யாரும் எட்டிக்கூடப் பார்க்கல" என்றார். பன்னிரண்டு மணிக்குப் பாதி விலைக்குக் கொடுத்தும் கால் கூடை மிச்சம், அதைக் கருவாட்டுக்குப் போட்டார்.

நிஜமான ஆபத்து வந்தால் மீன்பிடித் தடை வரும், எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை என்று எல்லை சொல்லுவார்கள். எக்ஸ்-பிரஸ் பேர்ள் சமயத்தில் களுத்துறையிலிருந்து நீர்கொழும்பு வரை என்று சொன்னார்கள். எல்லை இல்லாமல் "கடல் மீன் எதையும் சாப்பிடாதே" என்று வருவதைத் தயவுசெய்து பகிர வேண்டாம்.

தெரியாமல் ஒரு புரளியை அனுப்பிவிட்டேன். அழித்துவிட்டால் போதுமா?

போதாது. அதே குரூப்பில் "நான் அனுப்பியது தவறு, இது இன்ன வருஷம் இன்ன ஊரில் எடுத்தது" என்று எழுதுங்கள். அழித்ததைப் பார்த்தவர்கள் "ஏன் அழித்தார், யாரோ மிரட்டிவிட்டார்களோ" என்று நினைப்பதும் நடக்கிறது.

நானே கரையில் ஏதோ வித்தியாசமாகப் பார்த்தால், மற்றவர்கள் நம்புகிற மாதிரி எப்படிப் பதிவு செய்வது?

முதலில் தூரத்திலிருந்து ஒரு படம், அதில் கட்டடம், கோயில் கோபுரம், படகின் பதிவு எண் மாதிரி இடத்தைக் காட்டுகிற ஏதாவது வரட்டும். அப்புறம் கிட்டே ஒரு படம், பக்கத்தில் ஒரு பேனாவோ நாணயமோ வைத்து எடுங்கள், அளவு புரியும். போனில் இருப்பிடப் பதிவை ஆன் செய்துகொள்ளுங்கள், மூலப் படத்தை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் போகும்போது அந்த விவரங்கள் போய்விடும். வாடை எப்படி, காற்று எந்தப் பக்கம், அலை ஏற்றமா வற்றமா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். நம் கிழக்குக் கரையில் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை நீரோட்டம் பெரும்பாலும் வடக்கே போகும், அக்டோபர் முதல் ஜனவரி வரை தெற்கே, அதனால் தேதி தெரிந்தால் எந்தப் பக்கமிருந்து வந்திருக்கும் என்று தேடுபவருக்கு ஒரு பிடி கிடைக்கும். பீப்பாயோ கன்டெய்னரோ என்றால் தொடாதீர்கள். கடலில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கடலோரக் காவல்படைக்கு 1554, கரையில் மர்மப் பொருள் என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. பக்கத்துக் குப்பத்தில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். நீங்கள் முதல் முறை பார்க்கிற அந்தப் பொருளை அவர் போன வருஷமே பார்த்திருக்கலாம்.